டபுள்ஸ்

நான் நாளைக்குக் காலையில் கிளம்ப வேண்டியவள். இன்றைக்கே கிளம்பிவிட்டேன். வீட்டில் திங்கட்கிழமை வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நீங்கள் சிதம்பரத்தில் இறங்குவதாகத்தானே கண்டக்டரிடம் சொன்னீர்கள்? மாயவரம் வரைக்கும் வருகிறவராக இருந்தால் இன்னும் நிதானமாகச் சொல்வேன். பரவாயில்லை, சிதம்பரம் போதும்.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடுகிற வயசா எங்களுக்கு? எனக்கு ஐம்பத்து நாலு, அவளுக்கும் ஐம்பத்து நாலு. நாற்பது வருஷத்துப் பழக்கம்.

அவள் பேர் தையல்நாயகி. வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பேர். நான் அபயாம்பாள், மாயவரத்து அம்மன் பேர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வைப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவள் புதிதாக வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் எல்லாம் "தையல் மிஷின், தையல் மிஷின்" என்று கேலி செய்தார்கள். நான்தான் எழுந்து நின்று, "இனிமே இவ பேரு நாயகி" என்று சொன்னேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் நாயகிதான். கல்யாணம் ஆகிப் புதுச்சேரி போனாள். அங்கே மாமியார் வீட்டிலும் நாயகி என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாளே நான் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆறு வருஷம் அவளை என் சைக்கிள் கேரியரில் வைத்து ஓட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம், அப்புறம் டைப்ரைட்டிங் கிளாஸ். அவளுக்கு ஓட்ட வராது. தலை சுற்றும். கற்றுக்கொடுக்காமல் இல்லை. ஒருநாள் சாயங்காலம் நான்தான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கை வலித்தது, விட்டுவிட்டேன். நாலு அடி போனாள், விழுந்தாள். முட்டியில் நல்ல காயம். அந்தச் சமயத்தில் அவள் அப்பா, பரீட்சை முடிந்ததும் அவளுக்கும் ஒரு வண்டி வாங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய், "வேண்டாம் மாமா, வண்டியில ஏறினா அவளுக்குத் தலை சுத்துது" என்றேன்.

"அப்படியா? எங்கிட்டச் சொல்லலியே."

"பயத்துல சொல்ல மாட்டா மாமா."

"அப்ப நீயே கூட்டிட்டுப் போயிடும்மா" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வருஷம். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

எனக்கு நிறுத்தி ஏற்றுகிற வழக்கம் கிடையாது. அவள் வாசலில் பையோடு தயாராக நிற்பாள். நான் மெதுவாகக்கூட ஆக்க மாட்டேன். "ஏறிக்கோ" என்று ஒரு குரல்தான். அவள் பத்தடி ஓடி வந்து, ஒரு கையால் கேரியரைப் பிடித்து, பக்கவாட்டில் எம்பி உட்கார்ந்துகொள்வாள். பின்னால் கனம் ஏறியது தெரியும். திரும்பியே பார்க்க மாட்டேன். ஒருதடவைகூட அவள் தவறவிட்டதில்லை. தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள். அது ஒரு லாவகம். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் தவறிவிட்டார். பையன் பெங்களூரில். முத்தியால்பேட்டையில் அந்தச் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் போடுவேன். முதல் வருஷம் போன் அடிக்கும்முன் எடுத்துவிடுவாள். அழுவாள், நான் தேற்றுவேன். அப்புறம் அப்புறம், "வெளிய இருக்கேன் அபயம், வந்து பேசறேன்" என்று ஆரம்பித்தது. வெளியே என்றால் எங்கே? தனியாக இருக்கிறவளுக்கு ஆறு மணிக்கு வெளியே என்ன வேலை?

எங்கள் வீட்டு மாடி போர்ஷன் தை மாசத்திலிருந்து காலி. வாடகைக்கு நாலைந்து பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வெள்ளை அடித்து, சமையலறையில் புதுக் குழாய் போட்டு வைத்திருக்கிறேன். நாயகியை அழைத்துக்கொண்டு வந்து வைத்துவிடலாம் என்று. இதைக் கேட்கத்தான் புதுச்சேரிக்குப் போனேன். போனில் கேட்கிற விஷயமா இது? இரண்டு நாள் கூட இருந்து, ஊரைச் சுற்றிக்கொண்டே, பழையபடி பேசிப் பேசி, மெதுவாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். நாயகி நிற்கிறாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"யார் வண்டி இது?"

"என்னுதுதான்" என்று சிரித்தாள். "உனக்கு நேர்ல காட்டணும்னுதான் போன்ல சொல்லல."

புது வண்டி. கருநீலம். முன்னால் கூடை. "தலை சுத்தலையா?" என்று கேட்டேன்.

"சுத்தவே இல்ல அபயம். லூர்து காதுக்கார டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனா. ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. பதினோரு நாள்ல ஓட்டிட்டேன்."

லூர்து யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள். லூர்துமேரி, நாலு வீடு தள்ளி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் சைக்கிளிலேயே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவளாம். கட்டிக்கொடுத்த பெண் திருச்சியில். லூர்து ரசம் நன்றாக வைப்பாள். லூர்துவுக்குத் தெரியாத சந்து கிடையாது. லூர்து இல்லை என்றால் இந்த இரண்டு வருஷத்தை எப்படித் தள்ளியிருப்பேனோ தெரியாது என்றாள்.

அப்போது நான் ஆறு மணிக்குப் போன் போட்டது?

சரி. சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு வண்டி வாடகைக்கு எடுக்கப் போனோம். கடைக்காரன் கியர் வைத்த வண்டியாகக் காட்டினான். "கேரியர் இருக்கிற வண்டியா குடுப்பா" என்றேன். தேடித் தேடி ஒன்று கொண்டுவந்தான். துரு பிடித்தது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். நாயகி, "உனக்கு என்னத்துக்குக் கேரியர்?" என்றாள்.

"நீ உன் வண்டிய வீட்டுல போட்டுட்டு வா. பழைய மாதிரி போவோம்."

"எதுக்குடி? எனக்குத்தான் வண்டி இருக்கே" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான்.

நான் முன்னால் போனேன். எனக்கு முன்னால் போய்த்தான் பழக்கம். வாய்க்காலைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் இருந்த பக்கம். எல்லாம் நேர்த்தெரு, எல்லாம் மஞ்சள் சுவர், காகிதப்பூ. பின்னாலிருந்து, "இடது பக்கம் அபயம்" என்பாள். நான் வலது பக்கம் திரும்புவேன். அங்கே போனால் கடல் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பள்ளிக்கூடம் வந்தது. திரும்பினோம். மறுபடி அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூ. மூன்று தடவை. மூன்றாவது தடவை வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், "யாரைம்மா தேடுறீங்க?" என்று கேட்டார். நாயகி சிரித்துவிட்டாள்.

"உனக்கு வழி தெரிஞ்சா நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே அபயம்."

"சத்தமாச் சொல்லணும்."

அவள் பின்னாலேயே வந்தாள். வெயிலில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திறந்து கொடுத்தாள். அப்போதே மாடி போர்ஷனைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். வேர்வை வழிகிறது, சந்தோஷமாக இருக்கிறாள். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் லூர்துமேரி வந்தாள். ஒல்லியாக, உயரமாக, நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்டு. வாசலிலிருந்தே, "தையலு!" என்று கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இவள் "ஏய், வா வா" என்று எழுந்து ஓடுகிறாள்.

"நீங்கதானே அபயம் அக்கா? தையலு வாயத் தொறந்தா உங்க கதைதான்."

அக்காவாம். அவளுக்கு அறுபது. நான் சிரித்துவைத்தேன். "நாயகின்னுதான் நாங்க கூப்பிடுவோம்" என்றேன்.

"நாயகின்னா கோயிலுக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்குக்கா. இது வெளிய சுத்துற ஆளாச்சே!"

நாயகி அப்படிச் சிரித்தாள். அவளுக்குத் தையல் என்கிற பேர் பிடிக்காது. ஒன்பதாம் வகுப்பில் அழுதிருக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன். இப்போது என்னவென்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறாள்.

இன்று காலை, ஆறு மணிக்கெல்லாம் மூன்று பேரும் கிளம்பினோம். லூர்து முன்னால், அப்புறம் நாயகி, கடைசியில் நான். இரண்டு வண்டியும் ஒரே மாதிரி, ஒரே கருநீலம், ஒரே கூடை. சேர்ந்து போய் வாங்கியிருக்கிறார்கள். நாயகி ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டிவிட்டுத் திரும்புகிறாள். பெரிய போலீஸ்காரி.

லூர்து காட்டுகிற ஊர் வேறு மாதிரி. கடற்கரை, பூங்கா எல்லாம் இல்லை. ஒவ்வொரு வீடாக. "இது சொல்தா வீடு" என்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். "பிரான்ஸ்லேர்ந்து கவர் வர்ற அன்னிக்கு அந்தப் பெரியவர் கோட்டு போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பாரு." மீனவர் குப்பத்துக்குள் புகுந்து போனோம். வலை உலர்த்துகிறவர்கள் எல்லாம், "தபாலம்மா, எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேலி செய்கிறார்கள். ஒரு பச்சைக் கதவு. "இங்க ஒருத்தர் தனக்குத்தானே கடிதாசி எழுதிப் போட்டுப்பாரு. நான் கொண்டாந்து குடுத்தா, 'அட, எனக்கா?'ம்பாரு." நாயகி வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் அந்தக் கதையை முன்பே கேட்டிருக்கிறாள். அந்தப் பச்சைக் கதவு வருவதற்கு முன்னாலேயே அவள் முகம் சிரிக்கத் தயாரானதை நான் பார்த்தேன். கேட்ட கதைக்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா? சொல்லுங்கள்.

ஏழரை மணிக்கு லூர்து பூசைக்குப் போக வேண்டும். ஸ்டேஷன் பக்கத்துச் சர்ச்சுக்கு வெளியே வண்டிகளை நிறுத்தினோம். "வா அபயம், ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரலாம்" என்று நாயகி கூப்பிட்டாள். எனக்கு ஒன்றும் வித்தியாசம் கிடையாது. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு போய் முடியே கொடுத்திருக்கிறேன். ஆனாலும், "வண்டியப் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றேன். இரண்டு பேரும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். நாயகிக்கு முக்காடு சரியாக நிற்கவில்லை. லூர்து இழுத்துவிட்டாள்.

மூன்று வண்டி நிற்கிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன். உள்ளே பாட்டு. ஒரு கருநீல வண்டியின் ஹேண்டில்பாரில் ஜெபமாலை சுற்றியிருந்தது. வேளாங்கண்ணி மாதா படம் தொங்குகிற நீலமணி ஜெபமாலை. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. எது யார் வண்டி என்று தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்?

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து, ஜெபமாலை வண்டியின் பின்சக்கரத்தில் வால்வைத் திருகினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் செய்வார்கள், பார்த்திருக்கிறேன். புஸ் என்றது. வால்வைச் சாக்கடையில் போட்டேன். காற்றுதானே. காற்றை எடுத்தால் திருட்டா? லூர்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை தேடுவாள். அவளுக்குத் தெரியாத கடையா? ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் நானும் நாயகியும் தனியாக வீட்டுக்குப் போகலாம். போகிற வழியில் கேட்டுவிடலாம். ஒரு மணி நேரம்தான் நான் ஆசைப்பட்டது.

வெளியே வந்தார்கள். லூர்து குனிந்து பார்த்தாள். "பசங்க வேலை. வால்வையே உருவிட்டானுங்க."

"அட, என் வண்டியா?" என்றாள் நாயகி.

நான் ஹேண்டில்பாரைக் காட்டினேன். "உன் வண்டியா? ஜெபமாலை இருக்கே?"

"ஓட்டிப் பழகறப்ப லூர்து கட்டிவிட்டா. விழாம இருக்க."

வெள்ளிக்கிழமை நிறத்தையும் கூடையையும் பார்த்ததோடு சரி. நேற்றெல்லாம் அந்த வண்டி என் பின்னால்தான் வந்தது. இன்று காலையில் முன்னால் போனது. அப்போதும் அவள் முதுகைத்தான் பார்த்தேன். ஹேண்டில்பாரை எங்கே பார்த்தேன்?

லூர்து உடனே ஏற்பாடு செய்துவிட்டாள். வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு, நெல்லித்தோப்பில் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிற ஒரு கடை இருக்கிறதாம், அங்கே போய் வால்வும் பம்பும் வாங்கி வந்துவிடலாம் என்றாள். எனக்குச் சட்டென்று தோன்றியது. இதுவும் நல்லதுக்குத்தான். அவளுக்கு இப்போது வண்டி இல்லை. என் வண்டியில் கேரியர் இருக்கிறது.

ஏறி மிதித்தேன். "நாயகி, ஏறிக்கோ!" என்றேன்.

பத்தடி போனேன். இருபதடி போனேன். பின்னால் கனம் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் ஆயுசில் முதல் தடவை திரும்பிப் பார்க்கிறேன், வண்டி ஆடிப்போயிற்று. லூர்து வண்டியை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாயகி நிதானமாக அவள் கேரியரில் உட்காருகிறாள். புடவையைச் சக்கரத்தில் மாட்டாமல் ஒதுக்குகிறாள். "உக்காந்துட்டியா?" என்று அவள் கேட்கிறாள். "ம், போ" என்கிறாள் இவள். அப்புறம்தான் அவள் காலை எடுக்கிறாள்.

நிறுத்தித்தான் ஏற்றத் தெரிகிறது அவளுக்கு. முப்பது வருஷம் ஓட்டினாளாம்.

என் பக்கத்தில் வந்தபோது நாயகி, "எனக்கு இப்ப முட்டி வலி அபயம், ஓட முடியாது" என்றாள். சமாதானம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஒரு கை லூர்துவின் இடுப்பில் இருந்தது. என் இடுப்பை அவள் பிடித்ததே இல்லை. கேரியர் கம்பியைத்தான் பிடிப்பாள். நான்தான், பிடித்தால் எனக்குக் கூசும் என்று சொல்லியிருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், "இன்னிக்கே கிளம்பறேன்" என்றேன். ஏன் என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்பாள் என்று நினைத்தேன். என் பையைத் தன் வண்டிக் கேரியரில் வைத்துக் கட்டி, தள்ளிக்கொண்டே என்னோடு நடந்து வந்தாள். என் பை மட்டும் டபுள்ஸ் வந்தது.

பஸ் ஸ்டாண்டு வாசலில்தான் கேட்டேன். இதற்குமேல் நேரம் இல்லை. மாடி போர்ஷன், வெள்ளை அடித்தது, புதுக் குழாய், எல்லாம் சொன்னேன். "வந்துடு நாயகி. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

"எனக்காகவா காலியா வச்சிருக்கே?" என்றாள்.

"பின்ன யாருக்காக?"

"வர்றேன் அபயம்" என்றாள். அப்படியேதான் சொன்னாள். "ஒரேயடியா வர முடியுமான்னு தெரியல. ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்கன்னு வச்சுக்கறேன். வண்டியையும் பஸ் மேல போட்டுக் கொண்டாந்துடறேன். மாயவரத்துல தெருத்தெருவாச் சுத்துவோம். இந்தத் தடவை நான் வழி கேட்டுக்கிட்டே வர்றேன். வண்டி வைக்க எடம் இருக்கில்ல?"

"மாடிப்படிக்குக் கீழ மோட்டார் இருக்கு" என்றேன்.

"பக்கத்துச் சந்துல?"

"சந்துல மழை அடிக்கும்."

"வாசல்ல சாத்தி வச்சுக்கறேன்."

"வாசல்ல கோலம் போடணும் நாயகி."

அவள் என்னையே பார்த்தாள். "ஒரு சைக்கிளுக்கா எடமில்ல?" என்றாள்.

"இல்லையே" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.

பஸ்ஸில் ஏறி இந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று பையை எடுத்துக் கொடுத்தாள். டிரைவர் வண்டியை எடுக்கிற சமயம் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அந்த வால்வு. லூர்து வண்டின்னுதானே நெனச்சே?" என்றாள்.

"எந்த வால்வு?" என்றேன்.

கோபம் இல்லை அவள் முகத்தில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி, கையை நீட்டிக் காட்டி, ரோட்டில் கலந்துவிட்டாள். அப்போதுதான் நீங்கள் ஏறினீர்கள்.

சிதம்பரம் வருகிறது. பையைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்குகிறபோது இடது பக்கம் பாருங்கள், பைக் ஓட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள். ஒன்றுமட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்களும் வீடு வைத்துக் குடித்தனம் செய்கிறவர்தான். வாசலில் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், கோலத்தை எங்கே போடுவது?